கட்டம் எங்கே என்று கேட்டார்கள்

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கான, அதாவது போஸ்ட்டாக் வேலைக்கான, முதல் நேர்காணலுக்குப் போனபோது என்னிடம் அழகான படங்கள் நிறைய இருந்தன. எம்.ஆர்.ஐ. அளவீடுகளில் கால் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் மீட்டெடுக்கும் நிரல் என்னுடையது. இடப்பக்கம் மூலப் படம், வலப்பக்கம் என் படம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "இந்தத் தரவில் கட்டம் எங்கே?"

விழித்தேன். நான் பயன்படுத்தியவை தரவிறக்கிய டைகாம் படங்கள்; மருத்துவப் படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம் அது. அவற்றில் பெரும்பாலும் வீச்சு மட்டுமே இருக்கும். ஸ்கேனர் அளப்பதோ வீச்சும் கட்டமும் (phase) சேர்ந்த கலப்பெண்களை. வீச்சுப் படத்தை ஃபூரியே உருமாற்றத்தால் அலைகளாகப் பிரித்து அதையே அளவீடாகக் கொண்டால், ஒரு பாதியைப் பார்த்தே மறுபாதியைச் சொல்லிவிடலாம். கால் பங்கு என்று நான் பெருமைப்பட்டதற்குள் இரு மடங்கு வரை தகவல் ஒளிந்திருந்தது. தரவை உருவாக்கிய அதே கணித மாதிரியைக் கொண்டே அதை மீட்டெடுப்பதற்கு 'இன்வர்ஸ் கிரைம்' என்று இத்துறையில் ஒரு பெயரே உண்டு. குற்றவாளியாகத்தான் அந்த அறையிலிருந்து வெளியே வந்தேன். வேலை கிடைக்கவில்லை.

பிறகு ஃபாஸ்ட்எம்.ஆர்.ஐ. என்ற தரவுத் தொகுப்பை எடுத்தேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் குழுவும் 2018இல் வெளியிட்டது. முழங்கால் ஸ்கேன்களின் கச்சாத் தரவு அதில் இருக்கிறது. அதே நிரலை ஓட்டினேன். படம் கெட்டுப்போயிற்று. சமிக்ஞையை வாங்கும் பல சுருள்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உணர்திறன், நிஜமான இரைச்சல்: எதையும் என் நிரல் எதிர்பார்த்திருக்கவில்லை. அடுத்த நேர்காணலில் அந்தக் கெட்ட படத்தைத்தான் முதலில் காட்டினேன். எங்கே கெட்டது, ஏன் கெட்டது, எதைச் சரிசெய்தேன் என்பதிலேயே நேரம் போய்விட்டது. அங்கேதான் சேர்ந்தேன்.

போஸ்ட்டாக் வேலை விளம்பரங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'பிம்பவியல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: கருவி கட்டுவது, அளவீட்டிலிருந்து படத்தை மீட்டுருவாக்குவது, வந்த படத்தை அலசுவது. லேசர் கற்றையை நாள் முழுக்க நேர்ப்படுத்தும் பொறுமை உள்ளவரும், செல்களின் எல்லையைப் பிரிக்கும் நிரல் எழுதுபவரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பது உண்டு. விளம்பரம் தந்த ஆய்வுக் குழுவின் கடைசி ஆய்வுக் கட்டுரைகளில் 'முறைகள்' பகுதியைப் படித்தால், தரவு அங்கேயே எடுக்கப்படுகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பது தெரிந்துவிடும். விளம்பரம் அதைச் சொல்லாது.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. முதலில் வேலையில் சேர்வோம், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதன் ஐரோப்பியப் பிரிவில், விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், நல்கையோடு சேரவிருக்கும் அதே நாட்டில் வசித்திருந்தாலோ வேலை பார்த்திருந்தாலோ தகுதி போய்விடும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கும் 8 ஆண்டு வரம்பு உண்டு.

விண்ணப்பக் கடிதம் சிறியதாக இருக்கட்டும். அதைவிட, யார் எடுத்து ஓட்டினாலும் ஓடுகிற ஒரு நிரல் களஞ்சியம் மேல்.

நேர்காணலின் முடிவில் "கேள்விகள் உண்டா?" என்பார்கள். ஸ்கேனரிலோ நுண்ணோக்கியிலோ வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எனக்குக் கிடைக்கும், அது பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பேராசிரியர் சொல்லும் பதிலைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து விலகிய ஒரு போஸ்ட்டாக்கிடமும் அதையே கேளுங்கள். எனக்கு இரண்டு பதில்களும் ஒத்துப்போனது ஒரே ஒரு இடத்தில்தான்.