குடல் துணுக்கு வளர்ந்த கதை

பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. அதன் இருபுறமும் நல்ல குடலையும் சேர்த்தே வெட்டியெடுப்பார்கள். அந்த நல்ல பகுதியிலிருந்து கட்டைவிரல் நகத்தளவு திசுவைப் பெற்று, அதிலிருந்து ஆர்கனாய்டு எனப்படும் முப்பரிமாணத் திசு உருண்டைகளை வளர்ப்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அறுவை நடப்பது கோயம்புத்தூரில், எங்கள் ஆய்வகம் இருப்பது பாலக்காட்டில். எனவே ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாளையாரைக் கடப்பதும் செய்முறையின் ஒரு பகுதியாயிற்று.

இதற்கு வழி காட்டியவர்கள் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தினர். 2009-இல் அங்கே தோஷிரோ சாட்டோ, சுண்டெலியின் சிறுகுடலிலிருந்து பிரித்த ஒற்றை ஸ்டெம் செல்லை, அதாவது பிற செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்லை, கொண்டே குடலின் உட்சுவரைப் போன்ற அமைப்பை வளர்த்துக் காட்டினார். 2011-இல் மனிதப் பெருங்குடலுக்கும் அம்முறை கைகூடியது. கட்டுரையில் வாசிக்கும்போது எல்லாம் எளிதாகவே இருந்தது.

அறுவைக்கு முன்பே நோயாளியின் ஒப்புதல் பெற வேண்டும். எங்கள் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அம்மா ஒருவர், நான் வாசித்துக் காட்டியதை முழுவதும் கேட்டுவிட்டு, “வெட்டிப் போடறதுதானே கண்ணு, எடுத்துக்க. அதுல எனக்கே ஒரு கொடலு செஞ்சு தருவீங்களா?” என்றார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் வளர்ப்பது உட்சுவரின் செல்களை மட்டுமே. அதில் தசையில்லை, நரம்பில்லை, இரத்தக் குழாயும் இல்லை. இரத்தக் குழாய் இல்லாத திசுவுக்குள் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம்தான் ஊடுருவும் என்பதால், திசு பெருத்தால் நடுப்பகுதி மூச்சுத் திணறிச் செத்துவிடும். எந்த மருந்து அவருடைய குடல் செல்களை என்ன செய்கிறது என்று பார்க்க அது உதவும் என்றேன். அதுவும் நல்லதுதான் என்று கைநாட்டு வைத்தார்.

அவருடைய திசுவை நான் வீணாக்கினேன். குடலில் கிருமி இருக்கும் என்பது தெரிந்தும், செய்முறையில் சொல்லப்பட்ட அளவுக்குக் கழுவினால் போதும் என்று நம்பிவிட்டேன். மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மீடியா, அதாவது செல்களுக்கு ஊட்டம் தரும் திரவம், மஞ்சளாகிக் கலங்கியிருந்தது. பாக்டீரியா அமிலம் சுரந்தால் அப்படித்தான் நிறம் மாறும். அதன்பின் ஆன்டிபயாட்டிக் கலந்த குளிர்ந்த உப்புக்கரைசலில், கரைசல் தெளிந்து வரும்வரை எத்தனை முறையானாலும் கழுவுவது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை கெடுத்தது மேட்ரிஜெல். சுண்டெலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படும் இந்தப் புரதக் கூழ், செல்கள் பற்றி வளரும் தாங்கு தளம். 4 டிகிரியில் நீராகவும் 37 டிகிரியில் ஜெல்லாகவும் இருக்கும்; ஆனால் 10 டிகிரியைத் தாண்டும்போதே உறையத் தொடங்கிவிடும். பாலக்காட்டின் ஏப்ரல் மாதத்தில், அறையில் வெறுமனே கிடந்த டிப்பை, அதாவது பிப்பெட்டின் பிளாஸ்டிக் முனையை, மாட்டி அந்தக் கூழை உறிஞ்சினேன். பாதி டிப்பிலேயே உறைந்தது. மீதி கட்டிகட்டியாகப் பிளேட்டில் விழுந்தது. விலையைச் சொன்னால் வயிறு எரியும். எங்கள் டெக்னீஷியன் அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “டிப்பு, பிளேட்டு, டியூப்பு எல்லாத்தையும் முந்தின ராத்திரியே ஃப்ரீசர்ல போடு. கடைசிச் சொட்டு வரைக்கும் அமுக்காதே, குமிழி வரும்,” என்றார். அவர் சொன்னதில் பிளேட் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பிளேட் வெதுவெதுப்பாக இருந்தால்தான் சொட்டு பரவாமல் குவிந்து நிற்கிறது.

மூன்றாம் முறை, வேறொருவரின் திசு. கழுவி, பொடியாக நறுக்கி, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலில் குளிரிலேயே அரைமணிக்கு மேல் ஊறவைத்துக் குலுக்கினேன். உட்சுவரின் சுரப்புக் குழிகள், ஸ்டெம் செல்களை அடியில் வைத்துக்கொண்டு, கையுறை விரல்களைப் போல முழுசாகக் கழன்று வந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அவற்றை மேட்ரிஜெல்லில் கலந்து 50 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக ஊற்றியபோது, ஒவ்வொன்றும் பணியாரத்தின் மேற்பாதியைப் போலக் குவிந்து நின்றது. குழிகள் அடியில் படியாதிருக்கப் பிளேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து உறையவிட்டு, பிறகு விண்ட், ஆர்-ஸ்பாண்டின், நாகின் முதலிய வளர்ச்சிப் புரதங்கள் கலந்த மீடியாவை ஊற்றினேன்.

மறுநாளே குழிகளின் வாய் மூடி, சிறு வளையங்களாகியிருந்தன. நாளுக்கு நான்கு முறை எடுத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஒவ்வொரு முறையும் சூடு இறங்கும் என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மெல்லிய சுவரும் நடுவில் வெற்றிடமும் கொண்ட உருண்டைகள் தெரிந்தன. எட்டாம் நாள் அவற்றை உடைத்துப் புதிய மேட்ரிஜெல்லுக்கு மாற்றினேன். ஆறு சொட்டு பதினெட்டாயிற்று. அடுத்த சுற்றில் தேறியவற்றுள் நான்கு குப்பிகளை உறையவைத்துத் திரவ நைட்ரஜனில் இறக்கினேன். மூடியில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. வியாழக்கிழமை அடுத்த திசு வருகிறது. டிப் பெட்டிகள் இப்போதே ஃப்ரீசருக்குள் போய்விட்டன.