வெளிநாட்டில் திருமணம்: சேலத்திலிருந்து புறப்படும் சொந்தங்களுக்கு

சென்ற ஆவணியில் என் சித்தப்பா மகளின் திருமணம் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்தது. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் 26 பேர் சென்று வந்தோம். வரும் தை மாதத்தில் எங்கள் சொந்தத்திலேயே இன்னொரு திருமணம் தாய்லாந்தில் முடிவாகியிருப்பதால், என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நாள்தோறும் யாராவது கேட்கிறார்கள். அனைவருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வருகிறோமா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் முதல் வேலை. நம் ஊர் மண்டபத்தில் 50 பேர் கூடுதலாக வந்தால் இன்னொரு பந்தி போட்டுச் சமாளித்துவிடலாம். வெளிநாட்டு விடுதியில் ஒவ்வொருவருக்கும் அறையும் சாப்பாடும் மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டி உறுதி செய்யப்படுகின்றன. "வரப் பார்க்கிறோம்" என்று நாம் மரியாதைக்குச் சொல்வதை நம்பி அங்கே ஓர் அறை நமக்காக எடுக்கப்படுகிறது. கடைசி வாரத்தில் நான்கு குடும்பங்கள் வரவில்லை என்று சொன்னபோது, பூட்டியே கிடந்த அந்த அறைகளுக்கும் சித்தப்பாதான் பணம் கட்டினார். அவர் அதை யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை என்பதே எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. விமானச் சீட்டு யார் பொறுப்பு, எத்தனை இரவுக்கு அறை உண்டு, யார் யாருக்கு அழைப்பு என்பதையெல்லாம் கூச்சப்படாமல் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அன்றைக்கே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டையும் பாருங்கள். இந்தோனேசியா உள்ளிட்ட பல நாடுகள், நாம் சென்று இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் அது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம் மட்டுமே மீதமிருந்த என் மாமா, அது போதும் என்றே கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். சேலத்திலேயே அஞ்சலகத்தில் பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் புதுப்பிப்பது பெரிய அலைச்சல் இல்லை. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1500 ரூபாய், தட்கலுக்குக் கூடுதலாக 2000 ரூபாய். ஆனால் காவல்துறை விசாரணைக்கும் நாள் ஒதுக்கியாக வேண்டும்.

பெயரில்தான் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் வருகிறது. நம்மில் பலரது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பழக்கத்தில் தந்தையின் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். பயணச்சீட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதால், ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் சீட்டு எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. துபாயில் திருமணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பாலியில் இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 5 லட்சம் ருபியா, அத்துடன் 2024 பிப்ரவரி முதல் சுற்றுலாப் பயணிக்கான கட்டணம் ஒன்றரை லட்சம் ருபியா. எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அவர்கள் நாணயத்தின் மதிப்பு அப்படி. தாய்லாந்து செல்பவர்கள், 2025 மே முதல் நடைமுறையில் உள்ள டிஜிட்டல் வருகை அட்டையைச் சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல.

நகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆரம், நெக்லஸ், வளையல் என்று நம் வீட்டுப் பெண்கள் அணிந்து செல்லும் தங்கம், திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதோ என்ற கேள்விக்கு உள்ளாகலாம். அதைத் தவிர்க்க, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அலுவலரிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளலாம். என் மனைவி ஒரு வாரம் முன்பே எங்கள் நகைக்கடையில் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி வாங்கி, வெள்ளைத் துண்டின்மேல் பரப்பிப் படம் எடுத்து இரண்டு பிரதிகள் வைத்திருந்தார். அதனால் அலுவலருக்கும் வேலை எளிதாயிற்று. இதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் விமானம் ஏறுகிறீர்கள் என்றால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி நின்றாலும், அத்திப்பள்ளிக்கு அப்பால் நெரிசல் இருந்தாலும் நேரம் போய்விடும். நகையை ஒருபோதும் விமானத்தின் அடியில் செல்லும் பெட்டியில் வைக்காதீர்கள்.

அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாத வேறு சிலவும் நம் சீர்வரிசைப் பொருட்களிலேயே இருக்கின்றன. கற்பூரமும் கொப்பரையும் எளிதில் தீப்பற்றும் என்பதால் அனுமதி இல்லை, தீப்பெட்டியும் அப்படியே. பெரியம்மாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, மேலே மடித்து வைத்த கூறைப்புடவைக்கு அடியில் கற்பூர டப்பாவும் மஞ்சள் தடவிய கொப்பரைகளும் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் புடவையை மறுபடி மடிக்கும்போது அவர் கை நடுங்கியது. மல்லிகைச் சரம், வெற்றிலை, நம் மாம்பழம் ஆகியவற்றுக்குப் பல நாடுகள் தாவர நலச் சான்று கேட்கும். கசகசாவைச் சிங்கப்பூரும் அமீரகமும் தடை செய்துள்ளன. வீட்டில் அரைத்த மசாலாவில்கூடச் சேர்க்க வேண்டாம். தேங்காயும் வாழையிலையும் பாலியிலேயே தாராளமாகக் கிடைத்தன.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடும் அட்டையோடும் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாலி நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால், அழைப்பிதழில் உள்ள முகூர்த்தம் எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஏழரை முகூர்த்தத்துக்கு நான்கு மணிக்குத் தலைவாரத் தொடங்கியபோது, எங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு ஒன்றரை மணி. ஒரு நாள் முன்னதாகச் சென்றவர்கள் மட்டுமே தெளிந்த முகத்தோடு மணவறையருகே நின்றார்கள். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிய கை என்று இளைஞர்கள் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம். முறையான உரிமம் இல்லாமல் விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு கைகொடுக்காது.

மொய்யை ஊரிலேயே, புறப்படும் முன் வீட்டுக்குச் சென்று கொடுத்துவிடுங்கள். அங்கே குத்துவிளக்கோ பாத்திரமோ கொடுத்தால் அதைச் சுமந்து வருவது மணமக்களின் தலையில் விழும். பெரியம்மா செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசைச் சுருக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்து மணப்பெண்ணின் கையில் வைத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து அதைக் காலில் மாட்டிக்கொண்டாள்.