அரைச்சுற்றோடு நிற்கும் ஃபேன்: ஒரு ஜி31 கணினியின் பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

மே 6, 2024

மேசையில் இருப்பது 2008 காலத்து டெஸ்க்டாப். இன்டெல் ஜி31 சிப்செட் போர்டு, பென்டியம் டூயல் கோர் இ5200, ஒரு ஜிபி டிடிஆர்2 ராம் இரண்டு, சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒன்று. பவர் பட்டனை அழுத்தினால் ப்ராசஸர் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அசைவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகினால் திரும்பவும் அதே அரைச்சுற்று.

இந்த அரைச்சுற்று நல்ல தடயம். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எழுந்திருக்கிறது, ஏதோ சரியில்லை என்று கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. ஒன்று, போர்டில் எங்கோ ஷார்ட். இல்லையென்றால், சுமை ஏறியதும் எஸ்எம்பிஎஸ் தாங்காமல் விழுகிறது. பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் நாலு விநாடி ஓடிவிட்டுத்தான் அணையும். இருந்தாலும் பட்டன் வயரைக் கழற்றி, போர்டில் பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரில் ஊதா வயர் 5.04 வோல்ட். இது ஸ்டாண்ட்பை மின்சாரம். பெட்டி அணைந்திருக்கும்போதும் இருக்க வேண்டியது. இது இல்லையென்றால் பட்டனுக்கே உயிர் கிடையாது.

ப்ராசஸர் பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை புடைத்திருக்கிறது. பார்த்ததும் அதைத்தான் மாற்றத் தோன்றும். ஆனால் இந்த வயதுப் பெட்டியில் ஒரே ஒரு கோளாறு இருப்பது அபூர்வம். மின்சாரம் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் அளந்துகொண்டு போவதுதான் சரி.

மே 7

ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், ராம் எல்லாம் கழற்றியும் அதே அரைச்சுற்று. ப்ராசஸருக்குப் போகும் 4 பின் 12 வோல்ட் கனெக்டரைப் பிடுங்கியதும் கேபினட் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

பிளக்கை எடுத்துவிட்டு, போர்டில் அந்த 4 பின் சாக்கெட்டின் மஞ்சள் பக்கத்துக்கும் கறுப்பு பக்கத்துக்கும் இடையே ஓம் அளவு. சில ஓம்களிலேயே நின்றால் மாஸ்ஃபெட் (ப்ராசஸருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டர்) ஷார்ட், போர்டு பெரிய வேலை. இங்கே குறைவாகத் தொடங்கி, கெப்பாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப கிலோ ஓம் வரை ஏறியது. ஷார்ட் இல்லை. சந்தேகம் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்புகிறது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, 24 பின் கனெக்டரின் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ஓடும். பலர் இங்கே ஃபேன் சுற்றுவதைப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. சுமை இல்லாமல் 12.1 வோல்ட் காட்டிய அதே மஞ்சள் வயர், வண்டி இன்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டை மாட்டியதும் 10.7-க்கு இறங்கிவிட்டது. இரண்டு பல்பும் சேர்ந்து வெறும் மூன்றரை ஆம்பியர். இ5200 முழு மூச்சில் ஓடினால் 65 வாட், அதாவது ஏறத்தாழ ஐந்தரை ஆம்பியர். விதிப்படி 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்க வேண்டும். 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25 வரை.

ஒரு எச்சரிக்கை. மலிவான எஸ்எம்பிஎஸ்களில் 12-ம் 5-ம் சேர்ந்தே கட்டுப்படுத்தப்படுகின்றன. 12-இல் மட்டும் சுமை வைத்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட அந்த லைனில் தாழும். அதனால் 5 வோல்ட்டிலும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அளந்ததுதான் மேலே உள்ள கணக்கு.

திறந்து சரிசெய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் லைனில் 325 வோல்ட் வரை டிசி நிற்கும், பிளக்கை எடுத்த பிறகும். பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது. புதிது வாங்கும்போது அட்டையில் உள்ள மொத்த வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட் வரியில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 450 வாட் என்று பெரிதாகப் போட்டு, 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்றிருந்தால் அந்த லைனில் கிடைப்பது 168 வாட்தான்.

மே 9

புது எஸ்எம்பிஎஸ். ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது; திரையில் ஒன்றும் இல்லை. சாம்பல் வயரில் 5 வோல்ட் வந்துவிட்டது. மின்சாரம் சரி என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் வயர் அது. எழுந்த பிறகு 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் வர வேண்டும்.

போர்டின் 4 பின் ஸ்பீக்கர் இடத்தில் ஒரு சின்னப் பஸ்ஸரை மாட்டி, ராம் இரண்டையும் எடுத்துவிட்டு ஆன் செய்தால் நீண்ட பீப், விட்டு விட்டு. மகிழ்ச்சியான சத்தம் இது. ராம் இல்லை என்று புகார் சொல்ல ப்ராசஸரும், கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸும் உயிரோடு இருந்தாக வேண்டும். சத்தமே இல்லையென்றால்தான் கவலை.

ராமைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தது போதாது. ஸ்டாண்ட்பை மின்சாரம் ராம் ஸ்லாட் வரை போகும் போர்டுகள் உண்டு. தங்கப் பற்களை வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஸ்லாட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஒவ்வொன்றாகப் போட்டதில் ஒன்றுக்கு டிஸ்ப்ளே வந்தது. மற்றது இரண்டு ஸ்லாட்டிலும் பீப். அது கழிவு.

மே 10

திரையில் சிமாஸ் செக்சம் பிழை, அதாவது போர்டு பேட்டரியின் துணையோடு நினைவில் வைத்திருந்த அமைப்புகள் கெட்டுவிட்டன. சிஆர் 2032 பேட்டரி 2.1 வோல்ட், புதியதில் 3-க்கு மேல் இருக்கும். மாற்றி, தேதியைச் சரிசெய்து, இல்லாத ஃப்ளாப்பி டிரைவை முடக்கி, பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க்கை முன்னால் கொண்டுவந்தாயிற்று. தேதி பல வருடம் பின்னால் இருந்தால் பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் பிழை காட்டும். அதை நெட் கோளாறு என்று நினைத்துப் பலர் அலைகிறார்கள்.

மே 13

விண்டோஸ் ஏறுகிறது, கனமான வேலை கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது. புடைத்த கெப்பாசிட்டர்களின் முறை இப்போது. இரண்டுமே 6.3 வோல்ட் 1500 மைக்ரோஃபாரட். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகை. இந்த நான்கில் லோ இஎஸ்ஆரைத்தான் கடையில் விட்டுவிடுவார்கள். சாதாரண வகையைப் போட்டால் சூடேறி மறுபடி புடைக்கும்.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கெப்பாசிட்டரில் பட்டை உள்ள கால் நெகட்டிவ். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் நெகட்டிவைக் குறிக்கும், ஆனால் தலைகீழாக அச்சிட்ட போர்டுகளும் உண்டு. நெகட்டிவ் கால் அகலமான செப்புத் தகட்டில் இறங்குவதால் சூட்டை உறிஞ்சிவிடும். 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு அது அசையாது, 60 வாட் வேண்டும். புது ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கி, கால்களை மாறி மாறி ஆட்டி எடுக்க வேண்டும். வலித்து இழுத்தால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும்.

கூலரின் அடியில், ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு. நான்கு கால்களையும் மூலைக்கு மூலை மாற்றி அழுத்தி, ‘டிக்’ சத்தம் கேட்டதா, பின்பக்கம் பிளாஸ்டிக் நுனி முழுதாக வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும்.

மே 15

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இரவு முழுக்க ஓடியும் பிழை இல்லை. ரீஸ்டார்ட் நின்றுவிட்டது.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் சி5 வரிசை, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 8 என்று நிற்கிறது. டிஸ்க் செக் ஓட்டும் முன் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளால் வேறு டிஸ்க்குக்கு முழுப் படி எடுக்க வேண்டும்: முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும், அடுத்த சுற்றில் அடம்பிடிக்கும் இடங்களை. எதுவரை படித்தது என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது ஒரு இடத்தில் வைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.