ஆறு மில்லி பிளேட்டும் நாலு பட்டையும்

அயனிக் கதவில் பூ வெட்ட கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் ஒரு சின்ன சிஎன்சி ரூட்டர் நாமே செய்தால் என்ன என்று போன ஆடியில் இறங்கினேன். தக்கலையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அவ்வளவுதான் பட்டறை. வெட்டும் தலையைச் சுமந்து நகரும் குறுக்குச் சட்டமான கேண்ட்ரியைத் தாங்கும் இரண்டு பக்கவாட்டு பிளேட்டுக்கும் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) கிடைத்த 6 மில்லி தடிமன் எம்.எஸ். (சாதா இரும்பு) துண்டையே வெட்டிக்கொண்டேன், ஒவ்வொன்றும் 35 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம்.

மாட்டிய பிறகு கேண்ட்ரியில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு பக்கவாட்டில் 10 கிலோ இழுத்தால் அசைவை அளக்கும் டயல் கேஜ் முள் கால் மில்லி நகர்கிறது! அயனி மாதிரி மரத்தில் வெட்டும் பிட் இறங்கினால் பூவின் விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாகத்தான் வரும்.

நல்ல கிரேடு இரும்பாக வாங்கு என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் பலனில்லை, கிரேடு ஏறினால் இரும்பு லேசில் நிரந்தரமாக வளையாது, ஆனால் இழுக்கும்போது நெளிந்து விட்டதும் திரும்புகிற அந்த நெளிவு எல்லா இரும்புக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தடிமன்தான் கணக்கு, இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. சரி, 12 மில்லி வாங்கிவிடுவோம் என்று கிளம்பியவனைத் தெருமுனை வெல்டிங் பட்டறை அண்ணன்தான் நிறுத்தினார். "மக்கா, தடிமனுக்கு எதுக்குக் காசு குடுக்க? பட்டையை நெட்டுக்கு நிறுத்தி ஒட்டு, அது போதும்." அதாவது இரும்புப் பட்டையைப் படுக்க வைக்காமல், அதன் ஓரம் பிளேட்டில் படும்படி செங்குத்தாக நிறுத்தி வெல்டு அடிப்பது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 மில்லி பிளேட் ஒன்று ஆறரைக் கிலோவுக்கு மேல் வரும். 6 மில்லி பிளேட்டில் 50 மில்லி அகலம், 6 மில்லி தடிமன் உள்ள பட்டை இரண்டை நெட்டுக்கு நிறுத்தினால் மொத்தமே 5 கிலோ, விறைப்போ அதைவிடப் பல மடங்கு அதிகம்.

இங்கேதான் அவசரப்பட்டேன். ரெயிலில் ஓடும் பிளாக்கை மாட்டுவதற்கான ஓட்டைகளை முதலிலேயே போட்டுவிட்டு, பட்டையின் ஒரு ஓரத்தை ஒரே மூச்சில் நீளமாக வெல்டு அடித்தேன். ஆறும்போது வெல்டு சுருங்கும் அல்லவா, பிளேட்டின் இரு முனையும் பட்டைப் பக்கம் தூக்கி நடுவில் 2 மில்லி வளைவு, ஓட்டைகளும் இடம் மாறிவிட்டன. சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், நிமிரவில்லை, அந்த பிளேட் திரும்ப ஆக்கர் கடைக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை இரண்டு புது பிளேட்டையும் முதுகோடு முதுகாக போல்ட் போட்டு இறுக்கி, பட்டைகள் வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி வைத்து, ஒரு இஞ்சு இங்கே, ஒரு இஞ்சு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் துண்டு துண்டாக அடித்தோம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறின பிறகுதான் போல்டைக் கழற்றினோம். பிளாக் உட்காரும் முகத்தை லேத் பட்டறையில் கொடுத்து மில்லிங் செய்து (சீவிச் சமமாக்கி), அதற்கப்புறமே ஓட்டை.

அதே 10 கிலோ இழுப்புக்கு இப்போது 0.04 மில்லி. குளச்சல் பக்கத்து உப்புக்காற்று இங்கேயும் எட்டும் என்பதால் அன்று சாயங்காலமே துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசிவிட்டேன், மில்லிங் முகத்தில் மட்டும் கிரீஸ். இனி பிட் மேலும் கீழும் போகும் இசட் அச்சில் உள்ள ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.