வள்ளத்து இன்ஜின் திருட்டுக்கு எஃப்ஐஆர் வாங்குனது இப்படித்தான்

மொதல்லயே சொல்லிர்றேன், சிஎஸ்ஆர் ரசீது கைக்கு வந்துருச்சுன்னா கேஸ் போட்டாச்சுன்னு நம்பி வீட்டுக்கு வந்துராதீங்க. மனு வாங்குனோம்ங்கறதுக்கான ரசீது அது, அவ்வளவுதான்.

ராமநாதபுரம் மாவட்டத்துல வடகடல் பக்கம் எங்க ஊர். மச்சானோட பைபர் வள்ளம் கரையில கிடந்தப்ப ராத்திரியோட ராத்திரியா இன்ஜினை கழட்டிட்டுப் போயிட்டாங்க. காலையில போய் பாத்தா பூட்டை அறுத்த இரும்புத்தூள் பின்பலகையில அப்படியே கிடக்கு. சொசைட்டில கடன் போட்டு வாங்குனது, அந்த தவணையே இன்னும் முடியல.

ஸ்டேஷன்ல இருந்தவர் மனுவைப் படிக்கக்கூட இல்ல, "கடல் சமாச்சாரம்லாம் மெரைன் போலீஸ்தாம்ப்பா"ன்னுட்டார். அங்க போனா "கரையில நின்ன வள்ளம்தானே, லோக்கல் ஸ்டேஷன்ல குடுங்க"ன்னு திருப்பி விட்டாங்க. தொழிலுக்குப் போகாம மச்சான் ரெண்டு வாசலுக்கும் நடந்ததுதான் மிச்சம். உண்மையில எல்லை எதுவா இருந்தாலும் புகாரை வாங்கித்தான் ஆகணும், ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அவங்கதான் மாத்தி அனுப்பணும். 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்குற பிஎன்எஸ்எஸ், அதாவது பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம், அதோட 173வது பிரிவுலயே இது இருக்கு.

திரும்ப லோக்கல் ஸ்டேஷனுக்கே வந்தோம், அடுத்த கூத்து. "திருடு போனது"ன்னு இருக்கறதை "காணாமல் போனது"ன்னு மாத்தி எழுதிட்டு வாங்கன்னாங்க. தயவுசெஞ்சு மாத்தாதீங்க, காணாமப் போச்சுன்னு கையெழுத்துப் போட்டா திருட்டு கேஸே இல்லாமப் போயிரும். நாங்க முடியாதுன்னதும் சிஎஸ்ஆரை குடுத்து அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் ஒருத்தரும் கரைக்கு வரல.

பில்லு வேற உப்புக்காத்துல எழுத்து அழிஞ்சு போச்சு. இன்ஜின் நம்பர் இல்லாம எழுதுனா பிடிபட்டாலும் நம்முதுன்னு நிரூபிக்க முடியாதே, அதனால இன்ஜின் வாங்குன கடைக்கே போய் பழைய பில் புக்கை எடுக்கச் சொல்லி நகல் வாங்குனோம், அந்தக் கடைக்கார அண்ணன் நல்லா இருக்கணும்.

எங்களுக்கு வழி தெறந்தது அதே பிரிவோட நாலாவது உட்பிரிவு, 173(4). ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட மறுத்தா புகாரை எழுதி தபால்ல எஸ்பிக்கு அனுப்பலாம், அங்கயும் ஒண்ணும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். சிஎஸ்ஆர் நகல், பில் நகல் வச்சு, வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு தகவல்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் கட்டாயம்னு 2013ல லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் ஒரு வரி சேத்து ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புனோம். ரசீதை பத்திரமா வச்சுக்கங்க. அப்புறம் ஸ்டேஷன்ல இருந்தே போன் வந்துச்சு, எஃப்ஐஆர் போட்டாங்க, நகலும் காசு வாங்காம குடுத்தாங்க, அது நம்ம உரிமை.

போலீஸ் அடிச்சு அப்பாவும் மகனும் செத்துப் போன 2020 சாத்தான்குளம் சம்பவத்துக்கு அப்புறம் ஸ்டேஷன்னாலே எங்க அக்காவுக்கு நடுக்கம், "இன்ஜின் போனா போகுது, நீங்க ரெண்டு பேரும் போவாதீங்கடா"ன்னு அழுதுச்சு. சட்டப்படி ஒரு மனு குடுக்கறதுக்கு ஒரு குடும்பம் இப்படி பயப்படணுமா? மனு வாங்குன அன்னைக்கே ஒரு ஆள் வந்து அந்த இரும்புத்தூளைப் பாத்திருந்தா எங்களுக்கு எவ்வளவோ நம்பிக்கை வந்திருக்கும்.

இன்ஜின் இன்னும் கிடைக்கல. இப்ப வந்த எஸ்ஐ பழைய இன்ஜின் வாங்கி விக்கிறவங்க பேரையெல்லாம் எழுதிட்டுப் போயிருக்கார். வள்ளம் வச்சிருக்கவங்க இன்னைக்கே இன்ஜின் நம்பரையும் பில்லையும் போட்டோ எடுத்து வீட்ல இன்னொருத்தர் போன்லயும் போட்டு வைங்க.