குந்து நைனா

நேத்து ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல வண்டியோட மாட்டிக்கிட்டேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் வேற டிங் டிங்குன்னு. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. வீட்டுக்கு வந்தும் தூக்கமில்ல.

கடைசியா 14416க்கு அடிச்சேன். டெலி மானஸ், மனநல உதவிக்குன்னு 2022ல ஆரம்பிச்ச இலவச நம்பர், தமிழ்லயே பேசுறாங்க. அந்தம்மா பொறுமையா கேட்டாங்க. மூச்சை இழுக்குறதவிட விடுறத நீளமாக்குங்க, துடிப்பு மெல்ல இறங்கும்னாங்க. இறங்குச்சு. (நெஞ்சு வலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவுனா மூச்சை எண்ணிட்டு உக்காராதீங்க, நேரா 108தான்.)

காலையில காசிமேடு பக்கம் நடந்தேன். வலை பின்னிட்டிருந்த பெரியவர், "இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது?"ன்னாரு. சொன்னேன். "குந்து"ன்னாரு. குந்துனேன். போனை வீட்லயே வச்சிட்டு வந்தது அரைமணி கழிச்சுதான் தெரிஞ்சுது.