அத்தையின் கடைக்கு இணையத்தில் ஒரே முகம்

மதுரையில் அத்தை நடத்தும் சுங்குடிச் சேலைக் கடைக்கு 2017 முதல் இணையதளம் உண்டு. தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்த எளிய எச்டிஎம்எல் பக்கங்கள்தான். அரக்கு நிறத் தலைப்பட்டை, அதன் அடியில் கரை போட்டதுபோல் சுங்குடிப் புள்ளிகள், சந்தன நிறப் பின்னணி. பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குவார்கள். ஆர்டர்கள் கூடியதும் தளத்திலேயே பணம் கட்டும் வசதி வேண்டும் என்றார் அத்தை. இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை என்ற சேவையில் ஒரு கடை திறந்து, பழைய முகவரிக்கு முன்னால் 'ஷாப்' சேர்த்த துணை முகவரியில் வைத்தேன். இணைய முகவரிகளின் பதிவேடான டிஎன்எஸ்ஸில், அந்த முகவரியை ஷாப்பிஃபைக்குத் திருப்பிவிடும் ஒரு சிநேம் பதிவு, அவ்வளவுதான்.

தோற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் தப்பு. முதல் வாரமே இரண்டு வாடிக்கையாளர்கள் அத்தைக்குப் போன் செய்தார்கள். "வாங்குறதுக்கு அமுக்கினா வேற எங்கேயோ போகுதே, அது உங்க பக்கம்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அதுவரை சந்தன நிறத்தில் இருந்த கடை, பணம் கட்டப் போகும் நேரத்தில் வெள்ளையும் கறுப்புமாக மாறினால் யாருக்கும் கை பின்வாங்கும்.

கடையின் தீம், அதாவது தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்பு, டான். ஷாப்பிஃபை 2021இல் கொண்டுவந்த இலவசத் தீம் அது. முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். நகலில் செய்யும் வேலை, வெளியிடும்வரை வாடிக்கையாளர் கண்ணில் படாது. பிறகு பழைய தளத்தை ஒரு பக்கமும் கடையை ஒரு பக்கமும் திறந்துவைத்து, உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறக்க எஃப் 12 அழுத்தி, ஒவ்வொன்றின் அளவையும் நோட்டில் எழுதினேன்: தலைப்பட்டையின் உயரம், பக்கத்தின் அகலம் (1080 பிக்சல்), பட்டன் மூலை சதுரமா வளைவா, தொட்டால் என்ன நிறம். கண்ணளவில் பொருத்தப் பார்த்து ஒரு நாள் வீணாகியிருந்ததால், இந்த முறை எண்ணை மட்டுமே நம்பினேன். எல்லா மாற்றங்களையும் தனியாக ஒரு சிஎஸ்எஸ் கோப்பில் (பக்கத்தின் நிறம், அளவு போன்றவற்றைச் சொல்லும் கோப்பு) எழுதி, தீமின் கோப்புகளுக்குப் பிறகு ஏறும்படி வைத்தேன்.

எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாம் சுருங்கியிருந்தது. பழைய தளத்தில் 18 பிக்சலாகத் தெரிந்த எழுத்து, கடையில் 11 பிக்சல் சொச்சமாக நின்றது. இரண்டு பக்கமும் 1.125 ரெம் என்றே இருக்கிறது, எங்கே போயிற்று என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். விஷயம் இதுதான்: ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவின் மடங்கு. உலாவியில் வழக்கமாக அது 16 பிக்சல். டான் தீம் அடிப்படையை 62.5 சதவீதமாக வைத்திருப்பதால் ஒரு ரெம் 10 பிக்சல் ஆகிவிடுகிறது. கணக்குப் போட வசதி என்று பலரும் கையாளும் முறைதான் அது. அடிப்படையை மாற்றினால் தீம் முழுக்கக் குலைந்துவிடும். அதனால் நான் கொண்டுவந்த அளவுகளையெல்லாம் 1.6ஆல் பெருக்கினேன்.

எழுத்துரு அடுத்தது. தளத்தில் இருந்தது ஹிந்த் மதுரை. திறந்த உரிமத்தில் வருவதால், கோப்பை இறக்கிக் கடையின் தீமுக்குள் ஏற்றிக்கொள்ளத் தடையில்லை. அவசரத்தில் லத்தீன் எழுத்துகளும் எண்களும் உள்ள கோப்பை மட்டும் முதலில் ஏற்றிவிட்டேன். விலையில் எண்கள் ஒரு மாதிரியும் ₹ குறி வேறு மாதிரியும் தெரிந்தன. இந்த எழுத்துருவைக் கூகுள் மொழிவாரியாகப் பிரித்துத் தரும் கோப்புகளில் ₹ தமிழ்ப் பகுதியோடு வருகிறது. அதையும் ஏற்றியதும் சரியாயிற்று. தமிழுக்கென்றே இன்னும் இரண்டு வேலை இருந்தது. தீம், எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுகிறது. ஆங்கிலத்துக்கு அது அழகாக இருக்கலாம், தமிழில் எழுத்துகள் விலகி நின்று சொல்லே உதிர்ந்த மாதிரி இருந்தது. அதைப் பூஜ்யமாக்கினேன். தலைப்புகளின் வரி இடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்குக்கு உயர்த்தினேன். இல்லாவிட்டால் இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'லீ' மேல் இடிக்கிறது.

நிறத்தை அப்படியே எடுத்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய தளத்தின் ஜரிகை நிறம் பெரிய தலைப்புகளில் நன்றாக இருந்தது. அதையே கடையில் விலைக்குப் போட்டால், வெளியே வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கு விலையே தெரியவில்லை. அளந்து பார்த்தேன்: வெள்ளைமேல் அதன் நிற வேறுபாடு, அதாவது பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 2.4க்கு 1. சிறிய எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அளவு. அரக்கு நிறம் 10ஐத் தாண்டுகிறது. விலையை அரக்குக்கு மாற்றினேன். ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் படிக்க முடியாத விலையைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சேலைப் படங்களில்தான் அதிக நேரம் போனது. எல்லாம் வெள்ளைப் பின்னணியில் எடுத்தவை. சந்தன நிறப் பக்கத்தில் ஸ்டாம்ப் ஒட்டியதுபோல் தனித்துத் தெரிந்தன. சிஎஸ்எஸ்ஸில் 'மல்டிப்ளை' என்று ஒரு கலப்பு முறை உண்டு, ஒரே வரியில் வெள்ளை மறைந்து பின்னணியோடு கலந்துவிடும். போட்டேன், பக்கம் அழகாகிவிட்டது. ஆனால் அது வெள்ளையை மட்டும் தொடுவதில்லை, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பின்னணி நிறத்தோடு பெருக்குகிறது. வெளிர்நீலச் சேலை லேசாகப் பழுப்பேறித் தெரிந்தது. நிறம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு நிறத்தை மாற்றிக் காட்டக் கூடாது. அந்த வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சேலைக்கும் வெள்ளைக் கட்டமும் அதைச் சுற்றி மெல்லிய அரக்குக் கோடும் கொடுத்தேன். அதே கட்டத்தைப் பழைய தளத்தின் படங்களுக்கும் போட்டேன். தளமும் கொஞ்சம் கடையை நோக்கி நகர வேண்டியிருந்தது.

மெனுவை இரண்டு இடத்திலும் ஒரே வரிசையில் வைத்து, கடையின் லோகோவை அழுத்தினால் தளத்தின் முகப்புக்கே போகும்படி செய்தேன். 'தயாரிப்புகள்' என்று இருந்த இடமெல்லாம் 'சேலைகள்' ஆயிற்று. அத்தை வாயில் தயாரிப்பு என்ற சொல் வராது. பணம் கட்டும் பக்கத்தின் நிரலில் நாங்கள் கை வைக்க முடியாது. லோகோ, நிறங்கள், பட்டியலில் உள்ள எழுத்துருக்களில் ஒன்று, இவ்வளவுதான் அங்கே மாற்றலாம். அரக்குப் பட்டனும் லோகோவும் வந்ததே போதுமானதாக இருந்தது.

முடித்துவிட்டு அத்தையின் போனிலேயே திறந்து கொடுத்தேன். தளத்திலிருந்து கடைக்கு, கடையிலிருந்து தளத்துக்கு என்று நாலைந்து முறை போய்வந்தார்.

"எல்லாம் சரியா இருக்குப்பா. இதுல மட்டும் புள்ளி பொடிசா இருக்கு."

அளந்தால் தளத்தில் ஒரு புள்ளிக்கு 24 பிக்சல், கடையில் 15. கரைப் படத்தின் அளவை 1.5 ரெம் என்று எழுதியிருந்தேன். மற்றதையெல்லாம் பெருக்கிய நான் அதை விட்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே 2.4 என்று மாற்றி, மறுபடி திறந்து காட்டினேன்.